டிரஸ்ட் நடத்துற தங்கச்சிக்கு அக்காவின் அவசரகால டிப்ஸ்

மாலை வகுப்போ முதியோர் இல்லமோ, நாலு பேர் சேர்ந்து நடத்துற இடத்துல ஏதாவது நடந்துட்டா, விஷயத்தைவிட வதந்தி வேகமாப் போகும். அப்புறம் ஓடி ஓடி விளக்கம் சொல்றதைவிட, யாருக்கு எதை யார் சொல்றதுன்னு இப்பவே முடிவு பண்ணி வெச்சுக்கோ.

1. நம்பர் பேப்பர்லயும் இருக்கட்டும்
2015 டிசம்பர் வெள்ளத்துல சென்னையில பல ஏரியாவுல கரன்ட்டும் இல்ல, செல்போன் சிக்னலும் இல்ல. அதனால ஊழியர், பெற்றோர், பக்கத்து ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன் நம்பரையெல்லாம் ஒரே தாள்ல பெருசா எழுது. அவசர உதவிக்கு 112, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, குழந்தைகளுக்கு 1098. லேமினேட் பண்ணி ஆபீஸ் கதவுக்குப் பின்னாடி ஒண்ணு, ஒரு டிரஸ்டி வீட்டுல ஒண்ணு. ஆறு மாசத்துக்கு ஒருதரம் சரிபாரு.

2. வெளியே பேச ஒரே ஆள்
பத்திரிகைக்காரங்க வாசல்ல நின்னா பேசப்போறது யாரு? ஒருத்தரை வை, அவர் ஊர்ல இல்லேன்னா இன்னொருத்தர். வாட்ச்மேன், டிரைவர், வாலன்டியர்னு எல்லாருக்கும் ஒரே வரி பழக்கு: "மேடம் பேசுவாங்க சார், இந்தாங்க நம்பர்." போனை எடுக்காம மட்டும் இருந்துடாதே. எதையோ மறைக்கிறாங்கன்னு அவங்களே எழுதிடுவாங்க.

3. முதல்ல குடும்பம்
சொல்ற வரிசை இதுதான்: பாதிக்கப்பட்டவங்க குடும்பம், ஊழியர், டிரஸ்டிகள், நன்கொடையாளர், கடைசியாத்தான் பத்திரிகை. குடும்பத்துக்கு மெசேஜ் வேணாம். போன் பண்ணு, முடிஞ்சா நேர்ல போ. பிள்ளைக்கு அடிபட்டதை ஒரு அம்மா யாரோட ஸ்டேட்டஸ்லயோ பார்த்துத் தெரிஞ்சுக்கக் கூடாது.

4. முதல் மெசேஜை இப்பவே எழுதி வை
இப்படி இருந்தாப் போதும்: "இன்று மாலை 4 மணிக்கு வகுப்பறையில் மின்கசிவு. பிள்ளைகள் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். இருவருக்குச் சிறு காயம். அரசு மருத்துவமனையில் சிகிச்சை. பெற்றோரிடம் பேசிவிட்டோம். அடுத்த தகவல் 6 மணிக்கு."

காரணத்தை ஊகிச்சு எழுதாதே, யார் மேலயும் பழி போடாதே. 6 மணின்னு சொன்னா 6 மணிக்கு அனுப்பிடு. புதுசா ஒண்ணும் இல்லேன்னா அதையே சொல்லு. இன்னொண்ணு: வாட்ஸ்அப் பிராட்காஸ்ட், உன் நம்பரை சேவ் பண்ணாதவங்களுக்குப் போகாது. எல்லாரையும் இன்னிக்கே சேவ் பண்ணச் சொல்லு.

5. பிள்ளைங்க விஷயத்துல சட்டத்தைத் தெரிஞ்சுக்கோ
பாதிக்கப்பட்ட பிள்ளையோட பேர், போட்டோ, ஸ்கூல் எதுவும் வெளியே வரக் கூடாது; சிறார் நீதிச் சட்டமும், பிள்ளைங்களைப் பாலியல் குற்றத்துலேருந்து காக்குற போக்சோ சட்டமும் தடுக்குது. பாலியல் குற்றம்னு தெரிஞ்சா போலீசுக்குச் சொல்லியே ஆகணும். "நமக்குள்ளேயே விசாரிச்சுக்கலாம்"னு யாராவது சொன்னா கேட்காதே. தனக்குக் கீழ வேலை செய்றவர் பண்ணின குற்றத்தைச் சொல்லாம விட்ட நிறுவனப் பொறுப்பாளருக்கு ஒரு வருஷம் வரை ஜெயில் உண்டு.

6. உதவி கேட்கும்போது தெளிவாக் கேளு
2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் யாரும் உடுத்தாத பழைய துணி ரோட்டோரம் குவிஞ்சு கிடந்துச்சு. "பாய், போர்வை, நாப்கின் வேணும், பழைய துணி வேணாம்"னு பட்டியலாப் போடு. போதும்கிற அளவு வந்ததும் அதையும் அறிவிச்சுடு.

பணம் டிரஸ்ட் அக்கவுன்ட்டுக்கு மட்டும்தான் வரணும்; யாரோட சொந்த ஜிபே நம்பரும் கொடுக்காதே. ரொக்கமா 2,000 ரூபாய்க்கு மேல கொடுத்தா 80ஜி வரிச்சலுகை கிடைக்காதுன்னு முன்னாடியே சொல்லிடு. வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவங்க அனுப்புற பணத்தை எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) அனுமதி இல்லாம வாங்காதே, எவ்வளவு அவசரமா இருந்தாலும் சரி.

7. ஒத்திகை பாரு
அடுத்த கமிட்டி மீட்டிங்ல டீ வர்றதுக்குள்ள, "இப்போ சமையலறையில தீ. யார் யாருக்கு போன் பண்ணுவீங்க?"ன்னு கேளு. ரெண்டு பேர் ஒரே ஆளுக்கு போன் பண்ணுவாங்க, ஒரு அம்மாவுக்கு யாருமே பண்ணியிருக்க மாட்டாங்க. அந்த ஓட்டையை அன்னிக்கே அடைச்சுடு.