கடற்கரையில் வீடு தேடும் மகளுக்கு

பதுளை

அன்பு மகளே,

வரும் ஆகஸ்ட் விடுமுறையில் அம்மா, அப்பா, பாட்டி, தம்பி எல்லாரையும் கடலுக்குக் கூட்டிப் போகப் போவதாகவும், அங்கே ஒரு வீட்டை வாடகைக்கு எடுக்க நினைப்பதாகவும் எழுதியிருந்தாய். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்திலேயே இந்த எண்ணம் வந்ததற்கு உன்னை மெச்ச வேண்டும். எப்படிப்பட்ட வீட்டைப் பார்ப்பது என்று கேட்டாய். மற்ற விவரங்களுக்கு முன்னால் ஒரே ஒரு அளவுகோலைச் சொல்லிவிடுகிறேன். அந்த வீட்டில் உன் அம்மாவுக்கு ஓய்வு கிடைக்குமா? கிடைக்கும் என்றால் அது நல்ல வீடு. கிடைக்காது என்றால், ஜன்னலைத் திறந்ததும் கடல் தெரிந்தாலும் அது நமக்கு வேண்டாம்.

பதுளை, மொனராகலை என்ற இரண்டு மாவட்டங்கள் சேர்ந்த நமது ஊவா மாகாணத்துக்குக் கடற்கரையே கிடையாது. உப்பாகவும் கருவாடாகவும்தான் கடல் நம் தேயிலைத் தோட்ட லயங்களுக்கு வந்து சேர்ந்தது. நம் முன்னோர் கடலைப் பார்த்தது பிழைப்புக்காக அதைக் கடந்து வந்தபோது. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பலேறிப் போன சொந்தக்காரர்கள் பிரிவின் கண்ணீரோடு அதைப் பார்த்தார்கள். கொழுந்து எடுக்கும் ஒரு பெண் சும்மா உட்கார்ந்து அலையைப் பார்ப்பதற்காகவே கடற்கரைக்குப் போவது நம் குடும்பங்களில் புதிய காரியம். புதிய காரியத்தைத் திட்டமிட்டுச் செய்ய வேண்டும்.

முதலில் காலம். இலங்கையைச் சுற்றியுள்ள கடல் எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் அமைதியாக இருக்காது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது காலி, மாத்தறைப் பக்கம் கடல் கொந்தளிக்கும். அதே காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் குறைந்த கச்சான் காற்றாக நம் மலைகளைத் தாண்டி இறங்குகிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலைக்குத் தனி மணத்தைக் கொடுப்பதும் கிழக்குக் கரையில் வெயிலடிக்க வைப்பதும் இந்தக் கச்சான்தான். ஆகவே ஆகஸ்ட் என்றால் கிழக்கே போ. டிசம்பர் முதல் மார்ச் வரை என்றால் வெல்லவாய வழியாக இறங்கித் தெற்கே தங்காலை, மிரிஸ்ஸப் பக்கம் பார்க்கலாம்.

கிழக்கிலும் எந்தக் கரை என்பதை வருகிறவர்களை வைத்து முடிவு செய். பசறை, மொனராகலை, சியம்பலாண்டுவ வழியாகப் போனால் பொத்துவிலும் அறுகம்குடாவும் சுமார் 130 கிலோமீட்டர். அலைச்சறுக்குக்காக உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வரும் இடம் அது. உயர்ந்து சுருளும் அலைகள்தான் அதன் பெருமை. உன் தம்பி துள்ளிக் குதிப்பான். ஆனால் முழங்கால் வலியோடு வரும் பாட்டிக்கும், நீச்சல் தெரியாத அம்மாவுக்கும் அந்த அலையில் என்ன வேலை? பதுளையிலிருந்து லுணுகலை, பிபிலை, மகா ஓயா வழியாகச் செங்கலடிக்குப் போகும் ஏ5 வீதியைப் பிடித்து, அங்கிருந்து வடக்கே திரும்பினால் பாசிக்குடா. பவளப்பாறை அலையைத் தடுத்து நிறுத்துவதால் குடாவுக்குள் தண்ணீர் வெகுதூரம் ஆழமில்லாமல் கிடக்கும். பாட்டியும் கணுக்கால் நனைய நடக்கலாம். உங்கள் குடும்பத்துக்குப் பாசிக்குடா, கல்குடாப் பக்கமே சரி. வீட்டுக்காரரோடு தமிழிலேயே பேசி முடிக்கலாம் என்பது இன்னொரு வசதி.

ஹோட்டலை விட வீடு நல்லது என்று நீ நினைத்ததில் நியாயம் இருக்கிறது. ஐந்து பேரும் ஒரே கூரையின் கீழ் இருக்கலாம். நினைத்த நேரத்தில் பிளேன்டீ ஊற்றிக் குடிக்கலாம். பாட்டி பத்தியச் சாப்பாடு சாப்பிடலாம். ஆனால் வாடகை வீட்டில் ஒரு ஆபத்தும் உண்டு. சமையலறை இருக்கிறது என்பதற்காக அம்மா அங்கேயும் விடிகாலையில் எழும்பி அடுப்பைப் பற்ற வைப்பாள். வருடம் முழுவதும் சமைத்துவிட்டுப் தோட்டத்தில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஓடியவள், கடற்கரைக்கு வந்தும் தேங்காய் துருவினால் அது என்ன விடுமுறை? வீடு பேசும்போதே, மதியச் சாப்பாட்டைச் சமைத்துத் தர அக்கம்பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று கேள். அந்தச் செலவை வாடகையின் ஒரு பகுதியாகவே கணக்கில் எழுது. இரவுச் சாப்பாட்டை நீயும் தம்பியும் அப்பாவும் பார்த்துக்கொள்ளுங்கள்.

படங்களைப் பார்த்து மட்டும் வீட்டை முடிவு செய்யாதே. வாட்ஸ்அப் வீடியோவில் கூப்பிட்டு, வீட்டு வாசலிலிருந்து கடல் வரை நடந்து காட்டச் சொல். "கடலுக்குப் பக்கத்தில்" என்று சொல்வது ஐந்து நிமிட நடையாகவும் இருக்கலாம், நடுவே பிரதான வீதியைக் கடப்பதாகவும் இருக்கலாம். கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பா, குடிதண்ணீர் தனியா என்று கேள். கீழ்த்தளத்தில் பாட்டிக்குக் கட்டிலும், பக்கத்திலேயே உட்காரும் கழிப்பறையும் இருக்கின்றனவா? எல்லா அறைக்கும் மின்விசிறி, நுளம்புவலை உண்டா? மலைக் குளிரில் பழகியவர்களுக்குக் கரையோர இரவு புழுங்கும். கேஸ் சிலிண்டர் நிரம்பியிருக்குமா, பாத்திரங்கள் போதுமா என்றும் பார். வேனில் போனால் டிரைவர் அண்ணன் படுக்க இடம் கேட்க மறக்காதே. இரவு சரியாகத் தூங்காதவரை நம்பி மறுநாள் மலையேறக் கூடாது.

பணத்தில் கண்டிப்பாக இரு. 2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டத்தின்படி அமைந்த இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை, ஹோட்டல்களை மட்டுமல்லாமல் வாடகை வீடுகளையும் வீட்டோடு தங்கும் இடங்களையும் பதிவு செய்கிறது. பதிவு இருக்கிறதா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். முழுப் பணத்தையும் முன்கூட்டி அனுப்பாதே. ஒரு பகுதியை மட்டும் வங்கி வழியாக அனுப்பி ரசீதை வைத்துக்கொள். எத்தனை பேர், எத்தனை இரவு, மொத்தம் எவ்வளவு, வர முடியாமல் போனால் அட்வான்ஸ் திரும்புமா என்பதையெல்லாம் எழுத்தில் வாங்கு. போயா தினத்தை ஒட்டிய நீண்ட விடுமுறையில் கூட்டமும் வாடகையும் கூடும். வார நாட்களில் போனால் மிச்சம் பிடிக்கலாம். அம்மாவுக்கு இழப்பாகும் பேரையும், அதாவது அந்த நாட்களின் கூலியையும், செலவுக் கணக்கில் சேர். அந்தக் காசை அவள் கையில் நீயே கொடு. அப்போதுதான் சம்பளம் போகிறதே என்ற கவலை இல்லாமல் அவள் வருவாள்.

விடியும்போதே பதுளையை விட்டுக் கிளம்புங்கள். கீழ்நாட்டுக் காட்டு வீதிகளில் பொழுது சாய்ந்தால் யானை நடமாட்டம் உண்டு. வெளிச்சம் இருக்கும்போதே வீடு சேர்ந்துவிட வேண்டும்.

கடலில் இறங்கும்போது நான் சொல்லும் இந்த விஷயங்களை மனத்தில் வை. கச்சான் தரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று. காற்றடைத்த டியூபில் தம்பி படுத்துக் கிடந்தால், கண்மூடித் திறப்பதற்குள் அது அவனை உள்ளே தள்ளிக்கொண்டு போகும். ஆகவே டியூப் வேண்டாம். திறந்த கடலில் அலைகளுக்கு நடுவே ஒரு கீற்று மட்டும் அலை உடையாமல் அமைதியாகத் தெரிந்தால், பெரும்பாலும் அங்கேதான் நீர் கடலுக்குள் இழுக்கும். அதில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது. மிதந்தபடி கையை உயர்த்திக் கூப்பிட வேண்டும், முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர வேண்டும். இருட்டிய பிறகு யாரும் இறங்கக் கூடாது. அன்றைக்குக் கடல் எப்படி என்று மீனவர்களைக் கேள். அவர்கள் சொல்வதே கடைசி வார்த்தை. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை மிகக் கொடூரமாகத் தாக்கிய கரைகளில் கிழக்குக் கரையும் ஒன்று. கடல் திடீரென்று உள்வாங்கினால் வேடிக்கை பார்க்காமல் உள்நாட்டுப் பக்கம் ஓடுங்கள். அம்புலன்ஸுக்கு 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117. இரண்டையும் போனில் பதிந்துகொள்.

போன பிறகு எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று ஓடாதீர்கள். காலையும் மாலையும் கடலுக்கு, நடுப்பகல் வெயிலில் வீட்டுக்குள் தூக்கம். கரைவலை இழுக்கும் இடம் கிடைத்தால் தம்பியை அழைத்துப் போய்க் காட்டு. கருவாடாக மட்டும் தெரிந்த நெத்தலி வலைக்குள் துள்ளுவதை அவன் பார்க்கட்டும். அங்கேயே மீன் வாங்கிச் சமையல் செய்யும் அக்காவிடம் கொடு. மட்டக்களப்புப் பாணியில் அவர் வைக்கும் குழம்பு உங்கள் வீட்டுக் குழம்பு மாதிரி இருக்காது, அதையும் ருசித்துப் பாருங்கள். பவளப்பாறை மேல் ஏறி நிற்காதீர்கள். அது உயிருள்ளது, உடைந்தால் வளர வெகுகாலம் ஆகும். ஒரு மாலையை மட்டும் பாட்டிக்காக ஒதுக்கி மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் கோயிலுக்குக் கூட்டிப் போ. ஆடி அமாவாசைத் தீர்த்தத்தையொட்டி நாள் அமைந்தால் திருவிழாவையும் பார்க்கலாம். ஆனால் அன்று கூட்டம் பெருகும், பாட்டியின் காலை நினைத்து முடிவு செய்.

வீட்டை விட்டுக் கிளம்பும்போது கூட்டி, குப்பையைக் கட்டி வைத்து, சமைத்துத் தந்தவருக்கு நன்றி சொல்லிப் புறப்படுங்கள். தோட்டத்துப் பிள்ளைகள் இருந்த வீடு சுத்தமாக இருந்தது என்று அவர்கள் சொன்னால், அடுத்துப் போகிற நம்மவர்களுக்கும் அந்தக் கதவு திறக்கும்.

மகளே, இன்றைக்கே அம்மாவிடம் நாளைக் கேட்டு முடிவு செய். வீட்டுக்காரரோடு பேசும்போது முதல் கேள்வியாகச் சமையலுக்கு ஆள் உண்டா என்றே கேள். நம் தோட்டங்களில் அதிகம் உழைத்தவர்கள் நம் அம்மாமார். உன் சம்பாத்தியத்தில் எடுக்கும் முதல் விடுமுறையில் முதல் ஓய்வு உன் அம்மாவுக்குப் போகட்டும்.

அன்புடன்,
உன் சித்தி