பத்துக் கைகள்: கள்ளச்சாராயம் நம் மாவட்டத்துக்குச் சொல்லும் பாடம்



“எங்கள் வீட்டில் யாரும் குடிப்பதில்லை, அந்தப் பேச்சு நமக்கு எதற்கு?” என்று நினைப்பவர்கள் நம்மில் அதிகம். அல்ஹம்துலில்லாஹ், குடிக்காமல் இருப்பது பெரிய நிஃமத். ஆனால் கள்ளச்சாராயம் என்பது குடிப்பவனோடு முடிந்துவிடும் விஷயமில்லை. காய்ச்சுபவர், பணம் போடுபவர், வண்டி ஓட்டுபவர், இடம் கொடுப்பவர், விற்பவர் என்று அது பல கைகள் மாறித்தான் ஒருவரின் வாய்க்குப் போகிறது. அந்தக் கைகளில் ஒன்று நம் வீட்டுக் கையாக இருக்கிறதா என்று பார்ப்பதே இந்த மாதப் பாடம்.

மதுவிலக்கு தொடங்கிய மாவட்டம்

சென்னை மாகாணத்தில் முதன்முதலாக மதுவிலக்குச் சட்டம் நடைமுறைக்கு வந்தது நம் சேலம் மாவட்டத்தில்தான். நாள்: 1937 அக்டோபர் 1. அன்றைய சேலம் மாவட்டம் இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களையும் சேர்த்தது. மாகாணப் பிரதமராக இருந்த ராஜாஜியும் இம்மாவட்டத்துக்காரர். ஓசூர் அருகே தொரப்பள்ளியில் பிறந்து, சேலத்தில் வக்கீல் தொழில் செய்து, சேலம் நகராட்சித் தலைவராகவும் இருந்தவர். 1925-இல் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். மதுவிலக்குக்காகவே ‘விமோசனம்’ என்ற பத்திரிகை அங்கிருந்து வெளிவந்தது. கல்கி அதில் பணியாற்றினார். அதற்கு முன்பே, 1921-இல், பக்கத்து ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடந்தது. பெரியாரின் துணைவியார் நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் பெண்களைத் திரட்டி முன்னின்றார்கள்.

ஆக, குடியை எதிர்த்து நின்ற வரலாறு நம் ஊரைச் சுற்றிலும் இருக்கிறது. 1938-இல் சித்தூர், கடப்பை மாவட்டங்களுக்கும், 1939-இல் வட ஆர்க்காட்டுக்கும் சட்டம் நீண்டது. கலால் வருமானம் போனதை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி கொண்டுவரப்பட்டது. இன்று கடையில் நாம் கட்டும் வரிக்கு அதுதான் முன்னோடி. அந்த ஆண்டு இறுதியில் ராஜாஜி அமைச்சரவை பதவி விலகியது. போர்க்காலத்தில், ஆளுநர் ஆட்சியின்போது, மதுவிலக்கு நிறுத்திவைக்கப்பட்டது. சுதந்திரத்துக்குப் பின், 1948 அக்டோபர் 2-இல், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில் மாகாணம் முழுவதும் அமலானது.

திறந்தாலும் மூடினாலும்

அதன் பிறகு நடந்ததைப் பெரியவர்கள் அறிவார்கள். 1971-இல் கடைகள் திறக்கப்பட்டன. 1974-இல் மூடப்பட்டன. 1981-இல் மறுபடியும் திறந்தார்கள். 1983-இல் டாஸ்மாக் உருவானது. 2003 முதல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது.

கடை மூடியிருந்த காலத்தில் கள்ளச்சாராயம் பெருகியது. ஆள் நடமாட்டமில்லாத மலையடிவாரத்திலும் ஓடைக்கரையிலும் பானைகளைப் புதைத்து, வெல்லமும் வேலம்பட்டையும் போட்டு ஊறல் போட்டார்கள். லாரி டியூபில் அடைத்து இரவோடு இரவாகக் கடத்தினார்கள். “அப்படியானால் கடை திறந்தால் கள்ளச்சாராயம் ஒழிந்துவிடும்” என்று சொன்னவர்கள் உண்டு. அதுவும் நடக்கவில்லை. ஊருக்கு ஊர் அரசுக் கடை இருக்கும்போதே, 2023 மே மாதத்தில் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2024 ஜூன் 18-ஆம் தேதி கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்தவர்களில் 60-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள். கடைச் சரக்கைவிட விலை குறைவு என்பதால் அதை வாங்கியவர்கள். பாதிக்கப்பட்டவர்களில் பலரைச் சேலம் அரசு மருத்துவமனைக்குத்தான் கொண்டுவந்தார்கள்.

கள்ளக்குறிச்சியில் கொன்றது மெத்தனால். பெயின்ட், ரசாயனத் தொழிற்சாலைகளுக்காகத் தயாராகும் திரவம் அது. சாராயம் போலவே நிறமில்லாதது. குடித்தால் முதலில் போதைதான் தெரியும். உடலுக்குள் போனபின் அது ஃபார்மிக் அமிலமாக மாறுகிறது. பல மணி நேரம் கழித்து, சில சமயம் மறுநாள்தான், வயிற்று வலி, வாந்தி, மூச்சுத் திணறல், கண் மங்கல் தொடங்கும். 10 மில்லி அளவே பார்வையைப் பறித்துவிடக்கூடும். “தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்” என்று வீட்டில் படுக்க வைத்ததாலேயே போன உயிர்கள் உண்டு. யாராக இருந்தாலும், எந்த மதத்தவராக இருந்தாலும், இந்த அறிகுறிகளைக் கண்டால் வெட்கமும் கோபமும் பார்க்காமல் உடனே 108-ஐ அழையுங்கள். நேரத்தோடு கொண்டுபோனால் மாற்று மருந்தும் டயாலிசிஸும் காப்பாற்றும். ஓர் உயிரைக் காப்பது மனித சமுதாயம் முழுவதையும் காப்பதற்குச் சமம் என்பது நம் திருமறை தரும் போதனை.

சாராயத்தோடு வரும் மற்ற குற்றங்கள்

சாராயம் காய்ச்சுபவனுக்குப் போலீஸிடம் போக முடியாத தகராறுகள் வரும். பாக்கி வராவிட்டால் வழக்குப் போட முடியாது. ஆள் வைத்து அடிக்கிறான். போட்டிக்காரன் வந்தால் வெட்டுகிறான். கண்டுகொள்ளாமல் இருக்க மாமூல் கொடுக்கிறான். துப்புக் கொடுத்தவர் என்று சந்தேகப்பட்டால் அந்தக் குடும்பத்தை மிரட்டுகிறான். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தபோது சிகாகோவில் அல் கபோன் கூட்டம் வளர்ந்ததும் இப்படித்தான். அத்தனை கொலைகளுக்கும் பேர்போன அவனை 1931-இல் வருமான வரி ஏய்ப்பு வழக்கில்தான் தண்டிக்க முடிந்தது.

நம் மாநிலத்தில் ‘குண்டர் சட்டம்’ என்று நாம் சொல்வது 1982-ஆம் ஆண்டின் 14-ஆவது சட்டம். அதன் முழுப்பெயரில் குண்டர்களுக்கு முன்பே, முதலாவதாக, கள்ளச்சாராயக்காரர்கள்தான் வருகிறார்கள். அதன்படி விசாரணை இல்லாமலே 12 மாதம் வரை தடுப்புக் காவலில் வைக்கலாம். கள்ளக்குறிச்சிக்குப் பிறகு மதுவிலக்குச் சட்டத்தையும் கடுமையாக்கினார்கள். உயிரிழப்பு ஏற்பட்டால் ஆயுள் சிறை வரை தண்டனை உண்டு.

சூரத்துல் மாயிதாவின் 91-ஆவது வசனத்தைக் கவனியுங்கள். மதுவின் தீமையைச் சொல்லும்போது, உடல்நலத்துக்கு முன்பாக, மனிதர்களுக்கிடையே பகையையும் வெறுப்பையும் ஷைத்தான் மூட்டுவதைத்தான் அல்லாஹ் எடுத்துக் கூறுகிறான். சாராயத்தைச் சுற்றி வெட்டும் குத்தும் நடப்பதைப் பார்க்கும்போது அந்த வசனத்தின் பொருள் நன்றாகப் புரிகிறது.

மதீனாவில் நடந்தது

மது ஒரே நாளில் ஹராமாக்கப்படவில்லை. அதில் பலனைவிடப் பாவம் பெரிது என்று அல்பகராவின் 219-ஆவது வசனம் முதலில் உணர்த்தியது. போதையோடு தொழுகையை நெருங்கக்கூடாது என்று அந்நிஸாவின் 43-ஆவது வசனம் அடுத்துச் சொன்னது. மாயிதாவின் 90-ஆவது வசனம் முழுமையாகத் தடுத்தது. அந்த அறிவிப்பு வந்தபோது அபூதல்ஹா (ரலி) வீட்டில் மது பரிமாறிக்கொண்டிருந்த இளைஞர் அனஸ் (ரலி). அறிவிப்பாளரின் குரல் கேட்டதும் அத்தனையையும் கொட்டச் சொன்னார் அபூதல்ஹா. மதீனாவின் தெருக்களில் மது ஓடியது என்று புகாரியில் பதிவாகியிருக்கிறது. போலீஸ் இல்லை, சோதனைச் சாவடி இல்லை. உள்ளங்கள் முன்பே பக்குவப்பட்டிருந்ததால் சட்டம் வந்ததும் கைகள் தாமாகவே விலகின. சேலத்திலும் சிகாகோவிலும் சட்டம் வந்தது. எல்லாக் கைகளும் விலகவில்லை.

அதே அனஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் ஒன்று திர்மிதியில் உள்ளது. மது விஷயத்தில் பத்துப் பேரை நபி (ஸல்) அவர்கள் சபித்தார்கள். பிழிபவர், பிழியச் சொல்பவர், குடிப்பவர், சுமப்பவர், யாருக்காகச் சுமக்கப்படுகிறதோ அவர், ஊற்றிக் கொடுப்பவர், விற்பவர், அதன் விலையை உண்பவர், வாங்குபவர், யாருக்காக வாங்கப்படுகிறதோ அவர். பத்துப் பேரில் குடிப்பவர் ஒருவர்தான். மற்ற ஒன்பது பேரும் ஒரு சொட்டும் குடிக்காதவர்களாக இருக்கலாம்.

நம் ஊருக்கு இதில் என்ன?

சங்ககிரி லாரிக்குப் பேர்போன ஊர். சேலம் – கொச்சி தேசிய நெடுஞ்சாலை நம் ஊர் வழியாகப் போகிறது. டிரைவர், கிளீனர், மெக்கானிக், புக்கிங் ஆபீஸ் என்று நம் பிள்ளைகள் பலருக்கு ரிஜ்க் அந்தத் தொழிலில்தான். ஆகவே பத்தில் ‘சுமப்பவர்’ என்ற சொல் நம்மைப் பார்த்துச் சொன்னதுபோல இருக்கிறது. “இந்த கேனை அங்கே இறக்கிவிடு, ஆயிரம் ரூபாய் தருகிறேன்” என்பான். உள்ளே என்ன என்று கேட்டால் “உனக்கெதற்கு?” என்பான். செக்போஸ்ட்டில் பிடிபடுவது பணம் போட்டவன் இல்லை, ஸ்டியரிங் பிடித்தவன்தான். வண்டியையும் பறிமுதல் செய்யச் சட்டத்தில் இடமுண்டு. தவணை கட்டி முடியாத லாரி ஸ்டேஷன் வாசலில் வெயிலில் நிற்கும். பையன் ஜெயிலில் இருப்பான். ஜாமீனுக்கு அம்மாவின் நகை அடகுக்குப் போகும்.

எனவே குடும்பங்களுக்குச் சில வேண்டுகோள்கள்:

1. பில் இல்லாத, உள்ளே என்னவென்று தெரியாத சரக்கை ஏற்றுவதில்லை என்று வண்டி ஓட்டும் பிள்ளைகளிடம் உறுதி வாங்குங்கள்.
2. வீடு, குடோன், தோட்டம் வாடகைக்கு விடும்போது என்ன தொழில் என்று விசாரியுங்கள். வழக்கத்தைவிட அதிக வாடகை தருகிறேன் என்றால் இன்னும் அதிகமாக விசாரியுங்கள்.
3. திடீரென்று கையில் காசு புழங்கும் பிள்ளையிடம் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். அதைப் பெருமையாக எண்ணி வாங்கிக்கொள்ளாதீர்கள்.
4. அந்தப் பணத்தை ஸதகாவாகவோ பள்ளி வேலைக்கோ கொடுத்தால் ஹலாலாகிவிடும் என்று நினைக்க வேண்டாம்.
5. குடியில் விழுந்தவரை ஒதுக்காதீர்கள். 14446 என்ற இலவச எண்ணில் போதை மீட்பு ஆலோசனை கிடைக்கும். மருத்துவமனைக்குத் துணைக்கு ஆள் வேண்டுமானால் டிரஸ்டில் சொல்லுங்கள். பெயர் வெளியே போகாது.
6. கள்ளச்சாராயம் விற்பது தெரிந்தால் 10581 என்ற எண்ணில் மதுவிலக்குப் பிரிவுக்குத் தெரிவியுங்கள். நேரடியாகச் சண்டைக்குப் போக வேண்டாம்.

வீட்டில் பேசிப் பாருங்கள்

இஷாவுக்குப் பின் பிள்ளைகளோடு உட்கார்ந்து மூன்று கேள்விகளைப் பேசுங்கள். ஹதீஸில் வரும் பத்துப் பேரையும் சொல்ல முடிகிறதா? கள்ளக்குறிச்சியில் செத்தவர்களின் வீடுகளில் இப்போது அடுப்பு எரிய யார் சம்பாதிப்பார்கள்? நண்பன் ஒருவன் “சும்மா வண்டியை மட்டும் கொடு” என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? மூன்றாவது கேள்விக்குப் பதிலை இன்றே யோசித்து வைத்திருக்கும் பிள்ளை, கேட்கப்படும் அன்று தடுமாற மாட்டான், இன்ஷா அல்லாஹ்.

நம் கைகளையும் நம் பிள்ளைகளின் கைகளையும் அந்தப் பத்தில் ஒன்றாகிவிடாமல் அல்லாஹ் காப்பானாக. ஹலாலான ரிஜ்க்கில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.
செயலாளர்