ஆங்கிலம் ஏறுகிறதா என்று பார்ப்பது எப்படி

தமிழ்வழியில் ஆறாம் வகுப்பு படிக்கும் மாணவி ஒருத்தி ஆங்கிலத்தில் காலாண்டுத் தேர்வில் 52, அரையாண்டில் 55 வாங்குகிறாள். முன்னேறியிருக்கிறாளா? சொல்ல முடியாது. வினாத்தாள் வேறு, பாடங்கள் வேறு. அந்த 55-இல் மனப்பாடச் செய்யுளும் உருப்போட்ட கட்டுரையும் எவ்வளவு என்பதும் தெரியாது. தேர்ச்சி பெற்றாளா என்பதற்கு மதிப்பெண் பதில் சொல்லும்; மொழி வளர்ந்ததா என்பதற்குச் சொல்லாது. அதை அறிய ஒரே வகை வேலையை, ஒரே கடினத்தில், இடைவெளி விட்டுத் திரும்பக் கொடுத்து, பிள்ளையை அவளுடைய பழைய நிலையோடு மட்டும் ஒப்பிட வேண்டும்.

ஜூன் மாதத்திலேயே தொடங்குங்கள். பாடப்புத்தகத்தைத் திறக்குமுன் ஒவ்வொருவரும் எங்கே நிற்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிரதம் அமைப்பின் ஏசர் ஆய்வு ஆங்கிலத்துக்குப் பயன்படுத்திய படிகள் இதற்குப் போதும்: பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எளிய சொல், எளிய வாக்கியம். சொல்லையோ வாக்கியத்தையோ வாசித்தவரிடம் பொருளையும் கேட்பார்கள், அதை விட்டுவிடாதீர்கள். பொருளைத் தமிழில் சொன்னால் தாராளமாக ஏற்கலாம், ஏனெனில் இங்கே சோதிப்பது புரிதலை. தமிழக அரசு 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பிரித்ததும் இதே நோக்கில்தான். ஆனால் நிலையின் பெயர் உங்கள் பதிவேட்டோடு நிற்கட்டும். வகுப்பில் சொன்னால் மறுநாளே அது பட்டப்பெயராகிவிடும்.

அடுத்தது மாதம் ஒருமுறை வாசிப்பு. பிள்ளை முன்பு பார்த்திராத 100 சொல் பத்தியைக் கொடுத்து, தவறும் சொற்களை உங்கள் பிரதியில் அடிக்கோடிடுங்கள். நியூசிலாந்துக் கல்வியாளர் மேரி கிளே வகுத்த முறையில் 95 சொற்களோ அதற்கு மேலோ சரியென்றால் பிள்ளை தானாகவே வாசிக்கலாம். 90 முதல் 94 வரை என்றால் ஆசிரியர் துணையோடு. அதற்கும் கீழே என்றால் பத்தி கடினம், எளியதைக் கொடுக்க வேண்டும். பிறகு இரண்டே கேள்விகள், பத்தியில் என்ன நடந்தது, ஏன் என்று. கடகடவென வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லத் தெரியாத பிள்ளைகள் நம் வகுப்புகளில் நிறைய உண்டு. அவர்களை இந்தக் கேள்விகள்தான் காட்டிக்கொடுக்கும்.

எழுத்துக்கு ஜூன், அக்டோபர், பிப்ரவரி என மூன்று முறை ஒரே படத்தைக் கொடுத்துப் பத்து நிமிடம் எழுதச் சொல்லுங்கள், தேதியிட்டுப் பத்திரப்படுத்துங்கள். திருத்தும்போதுதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். பிழைகளை வெறுமனே எண்ணினால் நான்கு வரி எழுதியவன் பதினான்கு வரி எழுதியவனைவிடக் கெட்டிக்காரனாகத் தெரிவான். ஆகவே 100 சொற்களுக்கு எத்தனை என்று கணக்கிடுங்கள், பிழையின் வகையையும் பாருங்கள். ஜூனில் ‘கேம்’ என்று சரியாக எழுதிய பிள்ளை அக்டோபரில் ‘கம்டு’ என்று எழுதினால் அது பின்னடைவு அல்ல. முன்பு ஒரு சொல்லை அப்படியே நினைவில் வைத்திருந்தாள்; இப்போது இறந்தகால விதியைப் பிடித்துவிட்டாள், விதிவிலக்கு இனி வரும். மாணவர் பிழை கற்றலின் தடயம் என்று மொழியியலாளர் பிட் கார்டர் 1967-இலேயே வாதிட்டார். ‘ஹீ ப்ளே’ என்பதில் விடுபடும் ‘ஸ்’, ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பவர்களுக்கு மிகத் தாமதமாகவே படியும். அதை வைத்து ஒருவரை மந்தம் என்று முடிவு கட்டக் கூடாது.

நாற்பது பேர் வகுப்பில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்பீர்கள். வாசிப்புக்கும் கேள்விக்கும் ஒருவருக்கு ஐந்து நிமிடம். நாளுக்கு இருவர் என்றால் 20 வேலைநாளில் நாற்பது பேரும் முடிவார்கள். ஆசிரியரின் கணிப்பில் ஓரவஞ்சனை வராதா என்பது அதைவிட வலுவான கேள்வி. வரும். அதனால் பருவத்துக்கு ஒருமுறை ஐந்து தாள்களை இன்னோர் ஆசிரியரிடம் பெயரை மறைத்துக் கொடுத்து, இருவர் முடிவும் எங்கே பிரிகிறது என்று பேசிக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்பில் கேட்கப்போவது 35 மதிப்பெண்தானே என்ற மறுப்புக்கும் பதில் உண்டு: முன்பின் பார்க்காத பத்தியைப் படித்துப் புரிந்துகொள்ளத் தெரிந்தவர், கேள்வியை மாற்றிக் கேட்டாலும் திகைக்க மாட்டார்.

அவசரம் மட்டும் வேண்டாம். கனடாவில் குடியேறிய குழந்தைகளை ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ், அன்றாடப் பேச்சு ஏறக்குறைய இரண்டு ஆண்டில் கைவந்தாலும் பாடம் படிக்கத் தேவையான மொழிக்கு ஐந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகிறது என்று கண்டார். அவர்களைச் சுற்றி எங்கும் ஆங்கிலம். நம் பிள்ளைகளுக்கோ பெரும்பாலும் ஒரு பாடவேளை. அதனால் ஒரு மாதத்து ஏற்ற இறக்கத்தை வைத்துப் பெற்றோரை அழைக்காதீர்கள். தொடர்ந்து மூன்று மாதம் வாசிப்பு அசையாவிட்டால் மட்டும் கற்பிக்கும் முறையை மாற்றுங்கள். பத்தியை எளிதாக்குங்கள், கண்ணையும் காதையும் சோதிக்கச் சொல்லுங்கள். ஏப்ரலில் பதிவேட்டையும் மூன்று தாள்களையும் ஏழாம் வகுப்பு ஆசிரியரிடம் ஒப்படையுங்கள். ஜூனில் அவர் அடிப்படைச் சோதனையை வைக்கும்போது, கோடை விடுமுறையில் எது நழுவியது என்பதும் தெரிந்துவிடும்.