சரிவான பின்கட்டு: படியும் தட்டும் நாமே அமைப்போம்



மார்த்தாண்டம், குழித்துறை, சிதறால் பகுதிகளில் கடை வைத்திருக்கும் நம்மில் பலருக்கு ஒரே நிலைமைதான். கடை முகப்பு ரோட்டு மட்டத்தில் இருக்கும். பின்வாசலைத் திறந்தால் விளை ஐந்தடி, ஆறடி பள்ளத்தில் இறங்கும். சரக்கறையும் கிணறும் கீழே. அரிசி மூட்டை சுமப்பவர் அந்தச் சரிவில்தான் ஏறி இறங்க வேண்டும்.

எங்கள் கடைப் பின்புறத்தில் முதலில் படி போட்டபோது, சரிவை வெட்டிக் கல்லைப் பதித்து இரண்டே நாளில் வேலையை முடித்தோம். அந்த ஐப்பசி மழையில் கற்கள் உருண்டு கீழே கிடந்தன. மண் சரக்கறைக் கதவு வரை வந்தது. அடி வரிசை மூட்டைகள் நனைந்தன. சுமை தூக்கும் தொழிலாளி ஒருவர் வழுக்கி விழுந்து ஒரு வாரம் வேலைக்கு வரவில்லை. மிச்சம் பிடித்த கூலியை விட நஷ்டம் அதிகம். அதிலிருந்து கற்ற பாடமே இந்தக் கட்டுரை.

சிதறால் மலை சொல்லும் பாடம்

நம் ஊர்த் திருச்சாரணத்து மலையை எல்லாரும் அறிவோம். 9ஆம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்கள் அங்கே பாறையில் செதுக்கப்பட்டுள்ளன. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, குணந்தாங்கி குறத்திகள் என்னும் பெண் துறவி பொன் அணிகள் அளித்ததைக் கூறுகிறது. மலைக்கு ஏறும் கல் பாவிய பாதையைக் கவனியுங்கள். சில படிகள், பிறகு சற்றுச் சாய்வான நடை, மீண்டும் படிகள் என்று மூச்சு வாங்க இடம் கொடுத்துப் போகிறது. வீட்டுச் சரிவிலும் இதே முறையைக் கையாளலாம்.

அந்தச் சின்னத்தின் அருகில் நிலம் உள்ளவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 2010ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தப்படி, மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்டலாம்.

முதலில் அளவு

மம்பட்டியை எடுக்கும் முன் அளவு எடுக்க வேண்டும். தண்ணீர் நிரப்பிய தெளிவான குழாயின் ஒரு முனையை மேல் வாசலிலும், மறு முனையை அடியில் நட்ட கம்பிலும் பிடியுங்கள். இரு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். கம்பில் அந்த மட்டத்திலிருந்து தரை வரை உள்ள உயரமே உங்கள் சரிவு.

உதாரணமாக, 20 அடி நீளத்தில் 6 அடி இறக்கம் என்று வைப்போம். 6 அடி என்பது 72 அங்குலம். ஒரு படியின் உயரம் 6 அங்குலம் என்றால் 12 படிகள். மிதி அகலம் ஓர் அடி வீதம் 12 அடி போகும். மீதி 8 அடியை, நான்கு படிக்கு ஒரு முறையாக, நாலடி நீளமுள்ள இரண்டு இளைப்பாறும் தளங்களாக்கலாம். உயரத்தை இரட்டித்து மிதி அகலத்தைக் கூட்டினால் 24 முதல் 26 அங்குலம் வர வேண்டும். இது உலகெங்கும் வழங்கும் கணக்கு. எல்லாப் படியும் ஒரே உயரம் இருப்பது மிக முக்கியம். மூட்டை தலையில் இருப்பவருக்குக் கால் தெரியாது. பழகிய அளவை நம்பியே மிதிப்பார்.

படி கட்டும் முறை

அடிப்படியிலிருந்து தொடங்க வேண்டும். நான்கு அங்குலம் ஜல்லி போட்டுத் திம்மிசுக் கட்டையால் இடித்துக் கல்லை வையுங்கள். அடுத்த கல்லின் முன் விளிம்பு கீழ்க் கல்லின் பின் விளிம்பில் இரண்டு அங்குலம் ஏறி உட்கார வேண்டும். மிதி முன்பக்கம் கால் அங்குலம் சாய்ந்திருந்தால் தண்ணீர் தேங்காது. பாசி பிடிக்கும் வழவழப்பான கல் வேண்டாம். கொத்திய கருங்கல் நல்லது. அகலம் நாலடி இருக்கட்டும்.

தளங்களின் மட்டத்திலேயே இருபுறமும் நிலத்தைத் தட்டாக்கி, இரண்டடி உயரத்தில் கய்யாலை வைக்கலாம். சாந்து இல்லாமல் கல் அடுக்கினால் ஈரம் இடுக்கு வழியே வெளியேறும். அடியில் அகலமாகத் தொடங்கி, மண் பக்கம் சற்றுச் சாய்த்து அடுக்குங்கள். சாந்து வைத்துக் கட்டினால் தண்ணீர் போக ஓட்டைகள் விட வேண்டும். நாலடிக்கு மேல் உயரம் வந்தால் பொறியாளரைக் கேளுங்கள். அது நாமே செய்யும் வேலையல்ல.

தண்ணீருக்கு வழி

எங்கள் முதல் படிகளைச் சாய்த்தது கூரைத் தண்ணீர். 1000 சதுர அடி கூரையில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 9,000 லிட்டர் தண்ணீர் விழும். 2017இல் ஒக்கி புயலின்போதும், 2021 நவம்பரிலும் நம் மாவட்டத்தில் பெய்த மழையை மறந்திருக்க மாட்டீர்கள். எனவே சரிவின் மேல் விளிம்பில் குறுக்கே ஒரு சால் வெட்டி, படியின் ஓரமாக ஓடை கட்டி இறக்குங்கள். அதை உறிஞ்சுகுழியில் விடலாம். பக்கத்து விளைக்குள் விடக் கூடாது.

வெட்டிய மண்ணை வெறுமனே விடக் கூடாது. கய்யாலை விளிம்பில் வெட்டிவேர் நட்டால் அதன் வேர் 3 மீட்டர் வரை நேராக இறங்கி மண்ணைப் பிடிக்கும். அன்னாசியும் எலுமிச்சம்புல்லும் நமக்குப் பழக்கமானவையே. தட்டில் கறிவேப்பிலையும் காய்கறியும் வைக்கலாம். பலா, தென்னை போன்ற பெருமரங்களைக் கய்யாலையை ஒட்டி வைக்க வேண்டாம்.

பங்குனி, சித்திரை வெயிலில் வேலையை முடித்துவிட்டால் ஆனி மழைக்குள் புல் வேர் பிடிக்கும். 1967ஆம் ஆண்டு சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, ஒருவர் சுமக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேல் இருந்தால் குறைக்கும்படி பரிந்துரைத்தது. பாரத்தைக் குறைப்பது போலவே, கால் வைக்கும் இடத்தைச் சீராக்குவதும் நம் கடமை. சரக்கு நனைந்தால் அடுத்த லோடு வரும். நமக்காகச் சுமப்பவரின் முதுகு முறிந்தால் வேறு முதுகு வராது.