அச்சம் தீர்த்த அம்மையார்

அச்சம் உயிர்களுக்கெல்லாம் பொதுவானதோர் உணர்ச்சி. பாம்பைக் கண்டு விலகுவதும், பாய்ந்துவரும் வண்டியைக் கண்டு ஒதுங்குவதும் உயிர் காக்கும் செயல்கள். அவற்றைக் குறையென்று எவரும் கூறார். மெய்ப்பாடுகள் எட்டனுள் ஒன்றாக அச்சத்தை வைத்த தொல்காப்பியர், அதனைத் தோற்றுவிப்பனவற்றுள் விலங்கினையும் சேர்த்துக் கூறினார். எனினும், அவர் கருதியது புலியும் யானையும் போன்ற கொடுவிலங்குகளையே; முயற்குட்டியைக் கண்டு அலறும் குழந்தையை அவர் எண்ணியிருக்கமாட்டார். துன்பம் செய்யாத ஒன்றைக் கண்டு நடுநடுங்கும் இத்தகைய அச்சத்தை மருத்துவ நூலார் 'போபியா' என்னும் பெயரால் வழங்குவர். இவ்வச்சம் எங்ஙனம் வருகிறது? வந்தபின் அதனைப் போக்க இயலுமா? இவ்வினாக்களுள் இரண்டாவதற்கு மூன்று வயதும் நிரம்பாத ஒரு சிறுவனைக் கொண்டு விடை கண்டவர் மேரி கவர் ஜோன்ஸ் என்னும் அமெரிக்க அம்மையார் ஆவார்.

முதல் வினாவிற்கு விடை கூற முற்பட்டவர் வாட்சன் என்னும் உளநூற் பேராசிரியர். பால்ட்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் அவரும் ரோசாலி ரேனர் என்பாரும் செய்த ஆராய்ச்சி 1920-ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஆல்பர்ட் என்று அவர்கள் குறித்த குழந்தைக்கு அப்போது பதினொரு மாதம். வெள்ளெலியைக் கண்டால் அக்குழந்தை மகிழ்ந்து கை நீட்டும். அவ்வாறு கை நீட்டும்போதெல்லாம் அதன் பின்புறத்தே ஓர் இரும்புத் தண்டைச் சம்மட்டியால் ஓங்கி அடித்தனர். பேரொலி கேட்டுக் குழந்தை திடுக்கிட்டது. இங்ஙனம் சில முறை நிகழ்ந்த பின்னர், ஒலி இன்றியே எலியைக் கண்ட அளவில் குழந்தை அழத் தொடங்கியது. அதனோடும் நின்றதா? முயலைக் கண்டு அழுதது. நாயைக் கண்டு அழுதது. மென்மயிர் மேலாடையைக் கண்டும் அழுதது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்னும் பழமொழியை மெய்ப்பிக்க ஒரு பச்சிளங்குழந்தையின் கண்ணீர் வேண்டியதாயிற்று. ஊட்டிய அச்சத்தை நீக்குமுன்னரே அக்குழந்தை மருத்துவமனையை விட்டு அழைத்துச் செல்லப்பட்டது. அறிவு ஒருபடி வளர்ந்தது உண்மை. ஆயினும் குழந்தைக்கு இழைத்த தீங்கு தீர்க்கப்படவில்லை. இன்று இத்தகைய சோதனைக்கு எந்தப் பல்கலைக்கழகமும் இசைவு தாராது.

ரோசாலியும் மேரியும் வாசர் கல்லூரியில் 1919-ஆம் ஆண்டில் பட்டம் பெற்ற தோழியர். வாட்சனின் சொற்பொழிவைக் கேட்ட மேரியின் உள்ளத்தில் ஓர் எண்ணம் எழுந்தது. அச்சம் பழக்கத்தால் வருமாயின், பழக்கத்தாலேயே அதனைப் போக்கவும் கூடுமன்றோ? அச்சத்தை ஊட்டுவோர்க்கு இடையே அச்சத்தை ஆற்றுவதற்கு முற்பட்டதே அம்மையாரின் பெருமை.

நியூயார்க்கு நகரத்தில் குழந்தைகள் பலர் ஒருங்கு வளரும் இல்லம் ஒன்றில் அவர் தம் பணியைத் தொடங்கினார். மூன்று மாதம் முதல் ஏழு வயது வரையுள்ள குழந்தைகள் 70 பேரை அவர் ஆராய்ந்தார். நம் வீடுகளில் பெரியோர் கையாளும் முறைகள் எல்லாவற்றையும் அவரும் ஒவ்வொன்றாகச் சோதித்தார். அஞ்சும் பொருளைப் பல நாள் கண்ணிற் காட்டாமலே வைத்துப் பார்த்தார். நாள் கழிந்ததேயன்றி அச்சம் கழியவில்லை. இனிய கதைகளாற் சொல்லிப் பார்த்தார். ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி முயற்கதைகளை விரும்பிக் கேட்டாள். தான் முயலைத் தொட்டுத் தடவியதாகவும் கற்பனையாகப் பெருமை பேசினாள். உண்மை முயலைக் கண்டதும் முன்போலவே அழுதாள். மற்றைப் பிள்ளைகள் நகையாடினால் அச்சம் அகலுமோ என்று நோக்கினார். ஏளனம் அச்சத்தோடு நாணத்தையும் சேர்த்ததேயன்றி வேறு பயன் தரவில்லை. 'இதற்கா அஞ்சுவது?' என்று தம்பி தங்கையரை எள்ளும் தமையன்மார் இதனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். இரண்டு முறைகளே தெளிவான பயன் தந்தன: அஞ்சாத பிள்ளைகளோடு கூடி விளையாடச் செய்தல் ஒன்று, அஞ்சும் பொருளை இன்பம் தரும் பொருளோடு படிப்படியாக இணைத்தல் மற்றொன்று.

இவ்விரண்டும் ஒருங்கே கையாளப்பட்டவன் பீட்டர் என்னும் சிறுவன். ஆராய்ச்சி தொடங்கியபோது அவனுக்கு வயது இரண்டு ஆண்டு பத்து மாதம். வெள்ளெலி, முயல், மென்மயிர் ஆடை, இறகு, பஞ்சு ஆகிய யாவும் அவனுக்கு நடுக்கம் தந்தன. மரக்கட்டைகளோடு மட்டும் அச்சமின்றி விளையாடுவான். அவற்றுள் முயலே அவனைப் பெரிதும் அச்சுறுத்திற்று. ஆதலின் அதனையே அம்மையார் தேர்ந்துகொண்டார். முயலுக்கு அஞ்சாத மூன்று பிள்ளைகளை அவனோடு விளையாட விட்டு, இடையே முயலையும் கொணரச் செய்தார். முயல் அறையில் எங்கிருந்தாலும் அழுதவன், அது பன்னிரண்டடித் தொலைவில் கூட்டுக்குள் இருப்பதை முதலில் பொறுத்தான், பின்னர் நான்கடி, அதன்பின் மூன்றடி. இங்ஙனம் அவன் தேறி வருங்கால் எதிர்பாராத இடர் ஒன்று நேர்ந்தது. செங்காய்ச்சல் கண்டு அவன் இரண்டு மாதம் மருத்துவமனையில் இருந்தான். அங்கிருந்து திரும்பும்போது பெருநாய் ஒன்று அவன்மீதும் உடனிருந்த செவிலிமீதும் பாய்ந்தது. செவிலியே அஞ்சிவிட்டாள் எனின், சிறுவன் நிலை கூறவேண்டுவதில்லை. அச்சம் தொடங்கிய இடத்திற்கே வந்து நின்றது. பல வாரத்து உழைப்பு ஒரு நொடியில் அழிந்தது.

அம்மையார் சோர்ந்தாரல்லர். பீட்டரை உயர்ந்த நாற்காலியில் அமர்த்தி, அவன் விரும்பும் உணவை அளித்தார். அவன் உண்ணத் தொடங்கியதும், கம்பிக் கூட்டிலிட்ட முயலை அறையினுள் கொணர்ந்து, அவன் உண்பது தடைப்படாத தொலைவில் வைத்தார். அடுத்த முறை சிறிது அருகில். அதற்கடுத்த முறை இன்னும் அருகில். இஃது எளிதுபோல் தோன்றும், எளிதன்று. முயலை விரைந்து நெருங்க வைப்பின், உணவின் இன்பம் அச்சத்தை வெல்வதற்கு மாறாக, அச்சம் உணவின்மீது தாவிவிடும். பிள்ளை சோற்றைக் கண்டும் அழத் தொடங்குவான். இவ்விடையூற்றை அம்மையாரே எடுத்துரைத்து எச்சரித்துள்ளார். அளவறிந்து நகர்த்துவதே இம்முறையின் உயிர். எவ்வளவு நெருங்கலாம் என்பதற்கு அளவுகோல் ஆராய்ச்சியாளர் கையில் இல்லை. அஞ்சுவோன் முகத்திலேயே உள்ளது.

நாளடைவில் முயல் கூட்டினின்று வெளிவந்தது, மேசைமேல் ஏறியது, முடிவில் பீட்டர் தன் விரல்களை அது மெல்லக் கறித்து விளையாட விட்டான். பஞ்சு, மென்மயிர் ஆடை, இறகு ஆகியவற்றின்மேல் இருந்த அச்சமும் அகன்றது. எலியின்மீது இருந்த அச்சமும் பெரிதும் தணிந்தது. அச்சம் ஒன்றினின்று ஒன்றிற்குப் பரவியவாறே, அச்சமின்மையும் பரவியது. இவ்வரலாறு 1924-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஆயினும், அதனை அக்காலத்து அறிஞருலகம் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின்னரே அதன் அருமை விளங்கிற்று. இரண்டாம் உலகப்போரில் தென்னாப்பிரிக்கப் படையில் மருத்துவராயிருந்த ஜோசப் வோல்ப்பி என்பார், போரின் கொடுமையால் உள்ளம் நைந்த வீரர்களுக்கு மருத்துவம் செய்தார். மயக்க மருந்து கொடுத்துப் பழைய நிகழ்ச்சிகளைப் பேசச் செய்வதே அன்றைய முறை. அதனால் நிலைத்த பயன் காணாது அவர் வேறு வழி தேடினார். அம்மையார் பீட்டருக்குச் செய்ததை ஒத்த முறையை வளர்ந்தவர்க்கும் வகுத்து, 1958-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். உடலைத் தளர்த்தி அமைதியுற்ற நிலையில், அஞ்சும் காட்சிகளைச் சிறியதிலிருந்து பெரியதாக மனத்தில் எண்ணிப் பார்க்கச் செய்வது அம்முறை. 'நடத்தை மருத்துவத்தின் தாய்' என்று மேரி ஜோன்ஸ் அம்மையாரைப் போற்றியவர் இவரே.

அம்மையாரோ அதற்குள் வேறொரு நெடும்பணியில் ஈடுபட்டிருந்தார். கலிபோர்னியா மாநிலத்து ஓக்லாந்து நகரில் 1932-ஆம் ஆண்டு தொடங்கிய ஆராய்ச்சி ஒன்று, பள்ளிச் சிறுவர் சிறுமியர் ஏறத்தாழ 200 பேரை அவர்கள் நடுவயது அடையும்வரை தொடர்ந்து நோக்கியது. பீட்டரைச் சில மாதமே கண்ட அம்மையார், இப்பிள்ளைகளைப் பல்லாண்டு கண்டார். அவர்களுள் சிலர் பின்னாளில் குடிக்கு அடிமையாயினர். அவர்தம் இளமைக் குறிப்புகளை ஆராய்ந்து 1968-ஆம் ஆண்டில் அம்மையார் வெளியிட்ட முடிவு எண்ணத்தக்கது. மதுவைத் தொடுமுன்னரே, பள்ளிப் பருவத்திலேயே, அவ்வாடவர் தம் உணர்ச்சியை அடக்கமாட்டாதவராயும், எதிர்த்து நிற்பவராயும் காணப்பட்டனர். பெண்களைப் பற்றி 1971-ஆம் ஆண்டில் எழுதியபோது, அத்தகையோரிடம் இளமையிலேயே மனச்சோர்வு மிகுந்திருந்ததைக் காட்டினார். இக்குணமுடையோர் யாவரும் குடியராவர் என்பது இதன் பொருளன்று. மதுக்குடத்தை மட்டும் நோக்குவோர், அதனை நாடிய உள்ளத்தை நோக்க மறந்துவிடுகின்றனர் என்பதே இதனால் அறியப்படுவது. 1974-ஆம் ஆண்டில் தம் பழைய ஆராய்ச்சியைத் திரும்பிப் பார்த்தபோதும், மூன்று வயதுப் பிள்ளையின் அச்சத்தை மட்டும் தனியே பிரித்து நோக்குவதில் இனித் தமக்கு மனநிறைவு இராது என்று அம்மையார் கூறினார். அவர் 1987-ஆம் ஆண்டில் மறைந்தார்.

அச்சமும் போதைப்பொருளும் ஒருவரிடத்தே கூடியிருப்பின் என் செய்வது? போர், விபத்து, வன்செயல் முதலியவற்றால் உள்ளத்தில் ஆறாப் புண்பட்டோருட் பலர், அந்நினைவை மறக்க மதுவையோ மருந்தையோ நாடுகின்றனர். போதை சிறிது நேரம் மறதி தரும். தெளிந்ததும் அச்சம் அவ்விடத்திலேயே காத்திருக்கும். எட்னா போவா என்னும் உளநூல் அம்மையார், அத்தகையோர் பாதுகாப்பான இடத்தில் தமக்கு நேர்ந்ததைத் திரும்பத் திரும்ப எடுத்துரைக்கவும், ஒதுக்கி வந்த இடங்களைப் படிப்படியாக அணுகவும் பழக்கும் மருத்துவத்தை வகுத்தார். ஆனால், போதைக்கு அடிமையானவரிடம் பழைய புண்ணைத் தீண்டினால் குடி மிகும் என்று மருத்துவர் பலர் அஞ்சினர். குடியை முற்றும் விட்ட பின்னரே அதனைத் தொடவேண்டும் என்றனர். மருத்துவர்க்கும் ஓர் அச்சம்! ஆஸ்திரேலியாவில் 103 பேரிடம் இரண்டிற்கும் ஒருங்கே மருத்துவம் செய்து பார்த்த ஆராய்ச்சி 2012-ஆம் ஆண்டில் வெளிவந்தது. வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றோரைக் காட்டிலும், இம்மருத்துவமும் பெற்றோர்க்கு உள்ளத்தின் புண் மிகுதியாகத் தணிந்தது. போதைப் பழக்கம் அவர்களிடத்தே பிறரினும் குறைந்துவிடவில்லை. மருத்துவர் அஞ்சியவாறு மிகவும் இல்லை.