வண்டி எப்போது சூடாகிறது? பழைய கார் வைத்திருப்பவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி

மாருதி 800, அம்பாசிடர் இரண்டின் உற்பத்தியும் 2014-இல் நின்றுபோனது. ஆனாலும் நம்ம ஊர்ச் சாலைகளில் இரண்டையும் இன்றும் பார்க்கலாம். கல்யாணம், மருத்துவமனை, குலதெய்வம் கோயில் என எல்லா ஓட்டத்துக்கும் ஒரு பழைய காரையே நம்பியிருக்கும் குடும்பங்கள் ஏராளம். டெம்பரேச்சர் முள் மேலே ஏறினால் இவர்களுக்குப் படபடப்பும் ஏறிவிடும். "ரேடியேட்டர் மாத்தணும்" என்பார் ஒருவர். "ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு" என்பார் இன்னொருவர். இரண்டுக்கும் ஆகும் செலவு வேறு வேறு. எது உண்மை என்று கண்டுபிடிக்க நீங்கள் மெக்கானிக் ஆக வேண்டியதில்லை. வண்டி எந்த நேரத்தில் சூடாகிறது என்று கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

உள்ளே என்ன நடக்கிறது?

இன்ஜினைச் சுற்றி ஓடும் கூலன்ட் சூட்டை வாங்கிக்கொண்டு ரேடியேட்டருக்கு வருகிறது. அங்கே காற்றுபட்டு ஆறி, மறுபடி இன்ஜினுக்குப் போகிறது. இந்தச் சுற்றை ஓட்டுவது வாட்டர் பம்ப். இன்ஜின் தேவையான சூட்டுக்கு வரும்வரை கூலன்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுப்பது தெர்மோஸ்டாட். பல கார்களில் இது 80 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் திறக்கும். வண்டி நிற்கும்போது ரேடியேட்டருக்குக் காற்று கொடுப்பது ஃபேன்.

ரேடியேட்டர் மூடிக்கும் முக்கிய வேலை உண்டு. அது உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. ஒவ்வொரு பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்கும் கொதிநிலை சுமார் ஒன்றரை டிகிரி உயரும். அதனால்தான் 100 டிகிரியைத் தாண்டினாலும் உள்ளே இருப்பது உடனே கொதிப்பதில்லை. மூடியின் ரப்பர் தளர்ந்துவிட்டால் அழுத்தம் நிற்காது, கூலன்ட் சீக்கிரமே கொதித்து வெளியே வந்துவிடும். சின்னப் பாகம்தான், ஆனால் பலரும் கடைசியில்தான் இதைப் பார்க்கிறார்கள்.

எப்போது சூடாகிறது?

*சிக்னலிலும் நெரிசலிலும் மட்டும்:* வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரை ஆற்றிவிடுகிறது. நிற்கும்போது மட்டும் முள் ஏறினால் சந்தேகம் ஃபேன் மீதுதான். வண்டியை நிறுத்தி இன்ஜினை ஐடிலில் ஓடவிடுங்கள். முள் நடுவைத் தாண்டியும் மின்சார ஃபேன் சுற்றவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, தெர்மோ சுவிட்ச், மோட்டார் என்ற வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். அம்பாசிடர் போன்ற பழைய வண்டிகளில் ஃபேனை பெல்ட் சுற்றுகிறது. அங்கே பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

*நெடுஞ்சாலையிலும் மலை ஏற்றத்திலும்:* எதிர்க்காற்று இருந்தும் சூடாகிறது என்றால் கூலன்ட் ஓட்டம் போதவில்லை என்று அர்த்தம். கூலன்ட் குறைந்திருக்கலாம், ரேடியேட்டர் அடைத்திருக்கலாம், வாட்டர் பம்ப் தேய்ந்திருக்கலாம், ஹோஸ் உள்ளுக்குள் சுருங்கியிருக்கலாம். பாதி அடைத்த ரேடியேட்டர் ஊருக்குள் ஓட்டும்போது சமாளித்துவிடும். 40 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள வால்பாறைப் பாதையிலோ, 70 வளைவுகள் உள்ள கொல்லிமலையிலோதான் அது தெரியவரும்.

*கிளம்பிய சில நிமிடங்களிலேயே:* தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கியிருக்கலாம். முள் மேலே போன பிறகும் ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸ் சூடாகாமல் இருந்தால் சந்தேகம் வலுக்கும். கூலன்ட் மிகவும் குறைந்திருந்தாலும் இப்படி ஆகும் என்பதால் முதலில் அளவைப் பாருங்கள்.

*கசிவே தெரியவில்லை, ஆனால் கூலன்ட் குறைகிறது:* இதுதான் கவலைப்பட வேண்டிய அறிகுறி. இன்ஜின் சூடான பிறகும் சைலன்சரில் தொடர்ந்து வெள்ளைப் புகை, ஆயில் டிப்ஸ்டிக்கில் பால் கலந்த காபி நிறம், கூலன்டில் விடாமல் குமிழி ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம். குளிர்ந்த காலையில் சிறிது நேரம் மட்டும் வரும் வெண்புகை சாதாரணமானது, அதற்குப் பயப்பட வேண்டாம்.

முள் இறங்கினால் நிம்மதி அடையலாமா?

சூடேறிய முள் திடீரென்று கீழே விழுந்தால் "சரியாயிடுச்சு" என்று ஓட்டிக்கொண்டே போகாதீர்கள். கூலன்ட் முழுவதும் வெளியேறிவிட்டால் சென்சார் வெறும் காற்றில் நிற்கும், முள் தவறாகக் காட்டும். அப்படியே ஓட்டினால் இன்ஜின் சீஸ் ஆகிவிடக்கூடும். சில நூறு ரூபாய் ஹோஸில் முடிந்திருக்க வேண்டிய வேலை, இன்ஜினையே பிரிக்கும் வேலையாகிவிடும்.

வழியில் சூடாகிவிட்டால்

* ஏசியை நிறுத்துங்கள். ஹீட்டர் இருந்தால் முழு அளவில் வையுங்கள். அது இன்ஜின் சூட்டில் ஒரு பகுதியை வெளியே எடுக்கும்.
* ஓரம் கட்டி ஹசார்டு விளக்கைப் போடுங்கள். முள் சிவப்பைத் தொட்டிருந்தால் இன்ஜினை உடனே அணைத்துவிடுங்கள்.
* நெடுஞ்சாலையில் எல்லோரும் இறங்கி, சாலையை விட்டுத் தள்ளி நில்லுங்கள். தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033.
* ஆவி வந்துகொண்டிருந்தால் பானெட்டைத் திறக்காதீர்கள். மின்சார ஃபேன் இன்ஜினை அணைத்த பிறகும் சுற்றலாம், கையை உள்ளே விடாதீர்கள்.
* சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. திறந்தால் கொதிக்கும் கூலன்ட் முகத்திலும் கையிலும் பீய்ச்சி அடிக்கும். அரை மணி நேரத்துக்குக் குறையாமல் காத்திருங்கள். அதற்குப் பிறகும் தொட்டுப் பார்த்துச் சூடு இல்லை என்றால் மட்டுமே, தடித்த துணி போட்டு மெதுவாகத் திறங்கள்.
* கொதிக்கும் இன்ஜினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றாதீர்கள், ஹெட் விரிசல் விடலாம்.
* தீக்காயம் பட்டால் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள், 108-ஐ அழையுங்கள்.

உப்புத் தண்ணி வேண்டாம்

"போர் தண்ணி ஊத்தினா போதும்" என்பது நம் ஊரில் பழகிப்போன வழக்கம். வீட்டுப் பாத்திரத்தில் படியும் அதே வெள்ளை உப்பு, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படிகிறது. உள்ளே துருவும் பிடிக்கும். அவசரத்துக்கு நல்ல தண்ணீர் ஊற்றலாம். ஆனால் ஊர் திரும்பியதும் வடித்துவிட்டு, வண்டிக் கையேட்டில் சொன்ன கூலன்டை டிஸ்டில்டு வாட்டருடன் கலந்து நிரப்புங்கள். பாதிக்குப் பாதி என்பது வழக்கமான அளவு, பாட்டிலில் எழுதியிருப்பதையும் பாருங்கள். பெரும்பாலான கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம். குழந்தைகளுக்கும் நாய்களுக்கும் எட்டாமல் வையுங்கள், சாக்கடையில் கொட்டாதீர்கள்.

இன்னொரு வழக்கம், "தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப் போட்டுடலாம் சார்" என்பது. சம்மதிக்காதீர்கள். அது இல்லாமல் இன்ஜின் தேவையான சூட்டுக்கு வரத் தாமதமாகும், எரிபொருள் கூடுதலாகச் செலவாகும், தேய்மானமும் கூடும். பழுதானால் புதிது மாற்றுவதே சரி.

மெக்கானிக்கிடம் போகும் முன்

உங்கள் கைபேசியே இங்கே நல்ல சாட்சி. காலையில் வண்டிக்கு அடியில் ஈரம் தெரிந்தால் படம் எடுங்கள். ஏசியிலிருந்து சொட்டுவது நிறமற்ற தண்ணீர்தான், பச்சையோ சிவப்போ ஆரஞ்சோ என்றால் கூலன்ட். முள் நிற்கும் இடத்தைப் படமாகவும், வெள்ளைப் புகையை வீடியோவாகவும் எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டும்போது எடுக்க வேண்டாம், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். பிறகு, "நெரிசல்ல மட்டும்தான் சூடாகுது, ஃபேன் சுத்தல" என்று குறிப்பாகச் சொல்லுங்கள். ஹெட்டைப் பிரிக்க வேண்டும் என்றால், கூலிங் சிஸ்டத்துக்கு பிரஷர் டெஸ்ட் செய்தீர்களா, கூலன்டில் புகைவாயு கலந்திருக்கிறதா என்று சோதித்தீர்களா என்று கேளுங்கள். கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள்.

15 ஆண்டு ஆகப்போகிறதா?

சொந்தப் பயன்பாட்டு வாகனத்தின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பிறகு 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை, வாகன ஆய்வுக்குப் பின் புதுப்பிக்க வேண்டும். இதற்கு உரியது படிவம் 25. காலாவதி தேதிக்கு 60 நாட்கள் இருக்கும்போதிலிருந்து விண்ணப்பிக்கலாம். உங்கள் பதிவு எந்தத் தேதி வரை செல்லும் என்பதை எம்-பரிவாகன் செயலியில் பார்க்கலாம், கட்டண விவரம் பரிவாகன் இணையதளத்தில் உள்ளது. ஆய்வுக்கு முந்தைய நாள் அவசரமாக ஓடாமல், ஒரு மாதத்துக்கு முன்பே ஹோஸ், பெல்ட், மூடி, ஃபேன் நான்கையும் சோதித்துவிடுங்கள்.

வாரம் ஒருமுறை, காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ரிசர்வ் டேங்கைப் பாருங்கள். கூலன்ட் இரண்டு கோடுகளுக்கும் நடுவில் இருந்தால் சரி. இரண்டு வாரம் தொடர்ந்து குறைந்தால், தூரப் பயணத்தைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் காரணத்தைக் கண்டுபிடியுங்கள்.