களிமண் காளைகள்

மண்ணும் நீரும் கைக்குக் கிட்டினால் குழந்தைக்குக் கடைப் பொம்மை எதற்கு? மழை ஓய்ந்ததும் சிற்றூர்ப் பிள்ளைகள் வாய்க்கால் களிமண்ணை எடுத்து அம்மி, உரல், அடுப்பு, வண்டி, மாடு என ஒரு குடித்தனத்தையே செய்து அடுக்கிவிடுவர். சக்கரத்தின் நடுவே ஈர்க்குச்சியைச் செருகினால் வண்டியும் உருளும்!

தென்சூடானில், வெள்ளை நைல் ஆற்றின் சதுப்பு வெளிகளில் வாழும் டிங்கா இனத்துப் பிள்ளைகளும் களிமண்ணில் மாடு செய்பவரே. மாடே அம்மக்களின் செல்வம். பெண்ணுக்குப் பரிசமும் மாடே. மாட்டின் நிறத்தையும் புள்ளியையும் குறிக்க அவர்கள் மொழியில் உள்ள சொல்வளத்தை மானிடவியல் அறிஞர் காட்ஃபிரி லீன்ஹார்ட் 1961-இல் வெளியான தம் நூலில் விரித்துரைக்கிறார். எனவே, அப்பிள்ளைகள் கொம்பைப் பெரிதாக வளைத்து வைப்பதில் வியப்பில்லை. கண்ட அளவன்று, மதித்த அளவே அங்கு அளவு. நம் பிள்ளை திமிலை உயர்த்துவதும் இவ்வாறே.

'விளையாட்டுத்தானே' என்று இதனைத் தள்ளிவிடலாகாது. ஒட்டிய கொம்பு ஏன் உதிர்கிறது? நீர் வற்றும்போது களிமண் சுருங்கும். மெல்லிய கொம்பு முந்திக் காய்ந்து சுருங்க, தடித்த உடல் ஈரமாகவே இருக்க, இணைப்பில் விரிசல் விழுகிறது. இருமுறை உடைந்தபின் பிள்ளை ஒட்டுமிடத்தைக் கீறி, களிமண் குழம்பைத் தடவி ஒட்டி, நிழலில் உலர்த்துகிறது. பீங்கான் கோப்பைக்குக் காது ஒட்டும் முறையும் இதுவே அன்றோ!

பீங்கான் தொழிற்பேட்டை அமைந்த நம் விருத்தாசலத்தில் பொம்மை பிறக்கும் விதம் வேறு. பாரிஸ் சாந்து அச்சில் களிமண் குழம்பை ஊற்றுவர். அச்சு நீரை உறிஞ்ச, உட்புறத்தில் ஓடுபோல் மண் படியும். மிஞ்சிய குழம்பைக் கவிழ்த்துவிடுவர். ஓர் அச்சில் வார்த்த அத்தனைக்கும் ஒரே முகம். பல குடும்பங்களுக்குச் சோறிடும் தொழில் இது, குறை கூறுவதற்கில்லை. ஆயினும், குழந்தை அதைப் பார்க்கலாம், உடைக்கலாம். வேறு செய்ய ஏதுமில்லை.

நம்முள் பலர் நாளை ஆசிரியராவோம். கைவேலை வகுப்பில் பிள்ளை செய்த காளையைச் சூளையில் சுட்டு, அலமாரியில் வைத்து மதிப்பெண் இடத் தோன்றும். சுடும் வெப்பம் 500, 600 பாகை செல்சியசை எட்டும்போது, களிமண்ணில் வேதிமுறையில் பிணைந்துள்ள நீரும் நீங்கிவிடுகிறது. பிறகு எத்தனை நாள் ஊறினாலும் அது குழையாது. சுடாத காளையோ ஒரு மழைக்குக் கரைந்துவிடும். மறுநாள் அதே மண் உரலாகும், இல்லையேல் கொம்பு இன்னும் நீண்ட வேறொரு காளையாகும்.